பிள்ளையைச் சந்தேகிக்க வைக்கும் ஒரு காய்ச்சல்

“சித்தி, நான் ஒண்டும் செய்யேல்லை.” உயர்தரம் படிக்கும் என் அக்காவின் மகள் அழுதபடி சொன்னாள். பத்து நாட்களாகக் காய்ச்சல், விழுங்க முடியாத தொண்டை நோ, கழுத்தில் நெறி கட்டிய வீக்கம், எழும்ப விடாத அசதி. டெங்கு இல்லை என்று தெரிந்தது. பிறகு வைத்தியர் சொன்ன ‘மொனோநியூக்ளியோசிஸ்’ என்ற பெயரை உறவினர் ஒருவர் கைபேசியில் தேடினார். ‘முத்த நோய்’ என்று வந்தது. அதோடு வீட்டில் விசாரணை தொடங்கிவிட்டது.

அந்தப் பட்டப்பெயர் பாதி உண்மைதான். இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம் 1964இல் கண்டறியப்பட்ட எப்ஸ்ரீன்-பார் வைரஸ். அது உமிழ்நீரால் பரவுகிறது. முத்தம் ஒரு வழி. ஒரே கோப்பையும் ஒரே தண்ணீர்ப் போத்தலும் வேறு வழிகள். உலகில் வளர்ந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோருக்கு இது எப்போதோ தொற்றியிருக்கிறது. நெருக்கமாக வாழும் இடங்களில் சிறுவயதிலேயே தொற்றும். அப்போது அநேகமாக அறிகுறியே தெரியாது. முகாம்களில் ஒரு கோப்பைத் தேநீரைப் பகிர்ந்து குடித்த எங்களில் பலருக்கும் அப்படி வந்து போயிருக்கலாம். பதின்ம வயதில் முதன்முறை தொற்றினால்தான் இப்படிப் படுக்கையில் விழுத்துகிறது.

வைரஸ் ஆயுள் முழுவதும் உடலில் தங்கி, இடையிடையே உமிழ்நீரில் வெளிவரும். தொற்றி 4 முதல் 6 வாரங்களின் பின்னரே காய்ச்சல் தொடங்கும். ஆகவே யாரிடமிருந்து வந்தது என்று பிடிக்க முடியாது. அக்காவிடமிருந்தே வந்திருக்கலாம்.

கவனிக்க வேண்டியவை வேறு. இதை அழிக்கத் தனி மருந்து இல்லை. ஓய்வு, நீராகாரம், அளவோடு பரசிற்றமோல் போதும். வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலினைக் கொடுத்தால் வைரஸ் சாகாது. உடலெங்கும் சிவப்புத் தடிப்புத்தான் வரக்கூடும். மண்ணீரல் வீங்கியிருக்கலாம் என்பதால் குறைந்தது 3, 4 வாரங்களுக்கு விளையாட்டும் பாரம் தூக்குவதும் கூடாது. எப்போது தொடங்கலாம் என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். இடது மேல்வயிற்றில் திடீரெனக் கடும் வலி, மூச்செடுக்கச் சிரமம், தண்ணீரும் விழுங்க முடியாமை என்றால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

காய்ச்சல் பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில் தணியும். அசதி அதற்குப் பிறகும் நீளலாம், சிலருக்கு மாதக்கணக்கில். அது சோம்பல் அல்ல. அந்த நாட்களில் பிள்ளைக்குக் கஞ்சி கொடுங்கள். குறுக்கு விசாரணை வேண்டாம்.