சைலன்சர் நட்டு ஏன் கழல மறுக்கிறது?

பைக்கில் சைலன்சரைக் கழற்ற வேண்டும் என்றாலே அனுபவமுள்ள மெக்கானிக்கும் கொஞ்சம் யோசிப்பார். வேலை சின்னதுதான். இன்ஜின் ஹெட்டில் சைலன்சர் பைப்பைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகள்தான் பயமுறுத்தும். ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வரும்; இல்லையென்றால் பாதியில் முறியும். முறிந்த துண்டு அலுமினிய ஹெட்டுக்குள் மாட்டிக்கொண்டால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். துளை போட்டு, புதிதாக மரை வெட்டி முடிப்பதற்குள் சில ரூபாய் நட்டு பெரிய செலவாகிவிடும்.

இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். மரைகளுக்கு இடையே பருக்க இடமில்லை, அதனால் ஆப்பு அறைந்ததுபோல் இறுகிவிடும். மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகி சைலன்சர் வழியே போகிறது. பக்கத்துத் தெருவுக்கு மட்டுமே ஓடும் வண்டியில் சைலன்சர் முழுதாகச் சூடேறாததால், அந்த ஆவி உள்ளேயே நீராகத் தங்கிவிடும்.

துத்தநாக முலாம் பூசிய போல்ட் போதாதா? துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகும்; ஹெட்டை விட்டு வெளியேறும் புகையின் சூடு அதைத் தாண்டும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் எளிதில் துருப்பிடிக்காது. ஆனால் எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டை வேகமாக முடுக்கினால் உலோகம் உரசி ஒட்டிக்கொள்ளும். அதற்குத் துருவே தேவையில்லை.

சாதாரண கிரீஸ் இந்தச் சூட்டில் கருகி, கரியாகப் படிந்துவிடும். இங்கே வேண்டியது ஆன்ட்டி-சீஸ் பசை. பட்டறைகளில் காப்பர் கிரீஸ் என்பார்கள். அதிலுள்ள எண்ணெய் எரிந்துபோனாலும் செம்புத் தூள் மரைகளுக்கு நடுவே தங்கி, இரும்போடு இரும்பு ஒட்டாமல் தடுக்கும். எஸ்.எஸ்.ஸுக்கும் இன்னும் அதிகச் சூட்டுக்கும் நிக்கல் கலந்தது நல்லது. மரையை வயர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, மெல்லியதாகப் பூசினால் போதும். ஒரு சின்ன டியூப் பல வருஷம் வரும். இருந்தும் பல பட்டறைகளில் அது இருப்பதில்லை. இன்று இறுக்குகிறவர் ஒருவர், நாளை கழற்றப்போகிறவர் வேறொருவர் என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பசை பூசிய மரையில் உராய்வு குறைவு. வழக்கமான பலத்தில் இறுக்கினால் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். தயாரிப்பாளர் சொன்ன டார்க் (முறுக்கு விசை) உலர்ந்த மரைக்கானது என்றால் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகள் பலவற்றில் ஆக்சிஜன் சென்சாரும் இதே பைப்பில் திருகப்பட்டிருக்கும். புது சென்சார் பலவற்றில் மரையிலேயே பசை பூசி வரும். பூசி வராவிட்டால், சென்சாருக்கு ஏற்ற பசையை மரையில் மட்டும் தடவலாம். முனையில் பட்டால் சென்சார் கெட்டுப்போகும்.