நாலு கட்டையில் நாற்பது குரல்கள்

சிங்கப்பூரின் நாட்டுப்பண்ணை எழுதி இசையமைத்த ஸுபிர் சயிட், காத்தோங்கை ஒட்டியுள்ள ஜூ சியாட் பிளேசில் வாழ்ந்தவர். 1958ல் அவர் உருவாக்கிய 'மஜுலா சிங்கப்பூரா' பல்லாண்டுகள் ஜி மேஜர் சுருதியில் இசைக்கப்பட்டு வந்தது. 2001ல் இசையமைப்பாளர் பூன் இயூ தியென் அதன் வாத்திய அமைப்பைப் புதிதாக எழுதியபோது சுருதி எஃப் மேஜருக்கு இறங்கியது. கர்நாடக இசை கற்பவர்களின் கணக்கில் சொன்னால், ஐந்து கட்டையிலிருந்து நாலு கட்டைக்கு வந்தது.

புதிய அமைப்பு இன்னும் கம்பீரமாக, இன்னும் எழுச்சியூட்டுவதாக இருக்கும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால், காலை கொடியேற்றத்தின்போது தூக்கம் கலையாத தொண்டையோடு நிற்கும் மாணவனுக்கு அந்த ஒரு கட்டை பெரிய விஷயம். தனியாகப் பாடுபவர் தம் குரலுக்கு ஏற்ற சுருதியைத் தாமே வைத்துக்கொள்ளலாம். பலர் சேர்ந்து பாடும்போது சுருதி எல்லாருக்கும் பொதுவாகிவிடுகிறது. பள்ளிகளில் நடக்கும் சேர்ந்திசை வகுப்புகளின் முதல் பாடமே இதுதான். காத்தோங் வட்டாரப் பள்ளி ஒன்றின் பாடகர் குழுவில் நான்கு ஆண்டுகள் நின்று நான் கற்றுக்கொண்டதும் இதிலிருந்தே தொடங்கியது.

'உன் குரல் கேட்கவே இல்லையே'

தொடக்கப்பள்ளியில் படிக்கும்போதே எனக்குக் கர்நாடக இசை வகுப்பு. சனிக்கிழமைதோறும் லிட்டில் இந்தியாவுக்குப் போவோம். ஆசிரியை என் குரலுக்கு ஏற்றபடி சுருதிப் பெட்டியைத் திருகி வைத்த பிறகுதான் வகுப்பு தொடங்கும். உயர்நிலை ஒன்றில் இணைப்பாட நடவடிக்கையாகப் பாடகர் குழுவில் சேர்ந்தபோது, என்னை ஆல்ட்டோ பிரிவில் நிறுத்தினார்கள். பெண் குரல்களில் கீழ்ப்பகுதி அது. பாட்டின் மெட்டு பெரும்பாலும் மேல்பகுதியான சொப்ரானோவுக்குப் போய்விடும். நாங்கள் அதன் அடியில் ஓடும் வேறொரு வரியைப் பாடுவோம். அந்த வரியை மட்டும் தனியே பாடிக் காட்டினால், அது எந்தப் பாட்டு என்றே கேட்பவருக்குத் தெரியாது.

குழுவில் என்னிடம் முதலில் கேட்டது கமகத்தைக் கழற்றி வைக்கும்படிதான். கர்நாடக இசையில் சுரத்தின் உயிர் அதன் அசைவில் இருக்கிறது. சேர்ந்திசையிலோ ஒரு சுரம் இன்னொரு சுரத்தோடு சேர்ந்து ஒலிப்பதில்தான் உயிர். மூன்று பிரிவுகள் மூன்று சுரங்களில் அசையாமல் நிற்கும்போது ஒருவர் மட்டும் குழைந்தால் மொத்த ஒலியும் கலங்கிவிடும். இதில் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று எதுவும் இல்லை. வீட்டில் ஒருவிதமாகவும் நூலகத்தில் ஒருவிதமாகவும் பேசுகிறோம் அல்லவா, அதுபோலத்தான்.

முதல் இசை நிகழ்ச்சி முடிந்து அரங்கத்துக்கு வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா, உன் குரல் கேட்கவே இல்லையேம்மா?"

மறுவாரம் இதை எங்கள் இசை நடத்துநரிடம் சொன்னேன். அவருக்கு ஒரே மகிழ்ச்சி. பெற்றோர் தம் பிள்ளையின் குரலை மட்டும் பிரித்துக் கேட்க முடிந்தால், குரல்கள் இன்னும் கலக்கவில்லை என்று பொருளாம். அம்மா அதை ஏற்றுக்கொள்ள இரண்டு ஆண்டுகள் ஆயின.

மூச்சைப் பங்கிட்டுக்கொள்வது

பாடகர் குழுவிலும் காற்று வாத்தியக் குழுவிலும் ஒரு பழக்கம் உண்டு. பதினாறு எண்ணிக்கைக்கு நீளும் ஒரு சுரத்தை யாராலும் ஒரே மூச்சில் நிறைவாகப் பாட முடியாது. ஆனால், குழுவால் முடியும். பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும்போது நாம் வாங்கக்கூடாது. நம் முறை வரும்போது குரலை மெல்ல அடக்கி விலகி, மூச்சை நிரப்பிக்கொண்டு, மெல்லத் திரும்பி வந்து சேர வேண்டும். எல்லாரும் மூச்சு விடுகிறார்கள். ஆனால், கேட்பவர் காதில் இடைவெளியே விழாது. இதற்குப் பக்கத்தில் இருப்பவரின் தோள் ஏறி இறங்குவதை ஓரக்கண்ணால் கவனித்தபடியே பாட வேண்டும்.

நம் மரபுக்கும் இது புதிதல்ல. நாதஸ்வரக் கச்சேரியில் 'ஒத்து' என்ற நீண்ட குழலை ஊதுபவர் ஒருவர் இருப்பார். ராகம் எதுவானாலும் அவர் ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருப்பார். கைதட்டல் அவருக்கு வராது. ஆனால், அவர் நிறுத்தினால் நாதஸ்வரத்தின் காலடியில் தரை இருக்காது. இன்று பெரும்பாலும் மின்சாரச் சுருதிப் பெட்டி அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. ஆல்ட்டோ வரிசையில் நின்றபோது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தவர் அந்த ஒத்துக்காரர்தான்.

2013ல் சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சேர்ந்து பாடும் இளையர்களின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். பாட்டின் அமைப்பு மூச்சை ஒழுங்குபடுத்துகிறது. மூச்சு இதயத் துடிப்பை ஏற்றி இறக்குகிறது. அதனால் பாடியவர்களின் துடிப்பு வேகம் ஒருசேர ஏறி இறங்கியது தெரியவந்தது. பாடகர் குழுவில் இருந்த எவருக்கும் இது பெரிய வியப்பாக இருக்காது.

திரையில் நடக்காத வகுப்பு

நான் உயர்நிலை மூன்றில் இருந்தபோது கொவிட்-19 வந்தது. 2020 ஏப்ரலில் பாடங்கள் அனைத்தும் வீட்டுக்கு மாறின. கணிதத்தையும் வரலாற்றையும் திரையில் ஓரளவு நடத்த முடிந்தது. சேர்ந்திசையை நடத்தவே முடியவில்லை. அதற்கான காரணம் இயற்பியலில் இருக்கிறது.

காற்றில் ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. அதாவது, ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிவினாடி. மேடையின் இரு முனைகளுக்கு இடையே 10 மீட்டர் இருந்தால், ஒருவர் ஒலி மற்றவரை அடைய 30 மில்லிவினாடி ஆகும். கிட்டத்தட்ட அந்த அளவைத் தாண்டினால் காதை மட்டும் நம்பித் தாளம் பிடிப்பது கடினமாகிவிடும். அதனால்தான் பெரிய குழுக்களுக்கு இசை நடத்துநர் தேவைப்படுகிறார். அவர் கையசைவை ஒளி கொண்டுவருகிறது. அதில் தாமதம் இல்லை. காணொளி அழைப்பிலோ ஒலி பல கணினிகளைக் கடந்து வர வேண்டும். நாற்பது பேர் ஒன்றாகத் தொடங்கினால், ஒவ்வொருவர் காதிலும் வெவ்வேறு நாற்பது பாட்டுகள் கேட்கும்.

அதனால் ஒவ்வொருவரும் காதொலிக் கருவியில் பியானோவைக் கேட்டபடி தனித்தனியே பாடிப் பதிவுசெய்து அனுப்பினோம். பிறகு அவற்றை ஒருவர் ஒன்றாகத் தைத்தார். இது முன்பே உலகம் அறிந்த முறைதான். அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர், 2010லேயே 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேரின் பதிவுகளை இணைத்து ஒரு பாடகர் குழுவை இணையத்தில் உருவாக்கினார்.

எங்கள் காணொளியும் அழகாகவே வந்தது. ஆனால், பாடும்போது ஏதோ ஒன்று குறைந்தது. அறையில் பக்கத்தில் நிற்பவளின் சுருதி ஒரு துளி ஏறினால் நானும் ஏறுவேன். நான் தளர்ந்தால் அவள் எனக்காகக் கொஞ்சம் காத்திருப்பாள். காதொலிக் கருவியில் இருந்த பியானோ யாருக்காகவும் அசையவில்லை. சேர்ந்து பாடுவது என்று நாங்கள் அழைத்தது உண்மையில் இந்தச் சரிசெய்துகொள்ளுதலைத்தான் என்று அப்போது புரிந்தது.

அந்த இடைவெளியில் சிலர் குழுவை விட்டு விலகினார்கள். துணைப்பாட வகுப்பு, தேர்வு என்று எல்லாருக்கும் நியாயமான காரணங்கள் இருந்தன. உயர்நிலை நான்கில் திரும்பி வந்து நின்றபோது ஆல்ட்டோ வரிசையில் ஆறு பேர்தான் இருந்தோம். ஆறு பேர் மூச்சைப் பங்கிட்டுக்கொள்வது கடினம். ஒருவர் இருமினால் வரியே அறுந்துபோகும்.

புள்ளிகள் அளக்காதவை

சிங்கப்பூரில் பள்ளி இசைக்குழுக்களுக்கு நாட்டின் வயதுதான். சுதந்திரம் பெற்ற கையோடு 1960களின் நடுவில் பள்ளிகளில் பித்தளை வாத்தியக் குழுக்களை அமைக்கும் திட்டம் தொடங்கியது. 1967ல் சிங்கப்பூர் இளையர் விழா பிறந்தது. நெடுங்காலம் அதில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்தார்கள். 2013ல் அது மாறி 'டிஸ்டிங்ஷன்', 'அக்கம்ப்ளிஷ்மென்ட்', 'கமெண்டேஷன்' சான்றிதழ்கள் வந்தன. போட்டியின் சூட்டைத் தணிப்பது நோக்கம் என்றாலும், முடிவு வெளியாகும் நாளில் மாணவர்களின் வயிற்றில் பறக்கும் பட்டாம்பூச்சிகளுக்கு அது தெரிவதில்லை.

இணைப்பாட நடவடிக்கைப் புள்ளிகளும் உண்டு. அவற்றால் தொடக்கக் கல்லூரிக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ விண்ணப்பிக்கும்போது அதிகபட்சம் 2 புள்ளிகள் குறையும். அந்தச் சலுகையை நாடுவதில் தவறில்லை. ஆனால், குழுவில் கிடைப்பது அந்த 2 புள்ளிகள் மட்டுமே என்று நினைத்தால், புள்ளிகள் உறுதியான மறுநாளே கிளம்பிவிடத் தோன்றும்.

இதில் இன்னொரு கணக்கும் உள்ளது. வசதியுள்ள குடும்பம் பிள்ளைக்கு வயலின் வாங்கித் தரலாம். தனி ஆசிரியரையும் வைக்கலாம். ஆனால், எந்தக் குடும்பத்தாலும் வாத்தியக் குழு ஒன்றை வாங்கித் தர முடியாது. அதைத் தரக்கூடிய இடம் பள்ளி. வீட்டில் யாரும் தொட்டே பார்த்திராத டியூபாவையும் செல்லோவையும் பள்ளி இரவலாகக் கொடுக்கிறது. வெனிசுவேலாவில் ஹொசே அந்தோனியோ அப்ரேயு 1975ல் 'எல் சிஸ்தேமா' இயக்கத்தைத் தொடங்கியதும் இதே நம்பிக்கையில்தான். சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் கே.எம். இசைக் கல்லூரி, வசதி குறைந்த பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்பித்து 'சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா'வை உருவாக்கியிருக்கிறது.

நம் இசைக்கு அங்கே என்ன வேலை?

"பாட்டு கிளாசுக்குத்தான் போறியே, அப்புறம் எதுக்கு இங்கிலீஷ் பாட்டுக் குழு?" என்று பாட்டி கேட்டதுண்டு. தமிழ்ப் பிள்ளைகள் பலர் வீட்டில் இதைக் கேட்டிருப்பார்கள். வரலாறு பாட்டிக்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. இன்று கர்நாடகக் கச்சேரியில் பிரிக்க முடியாத வயலின், மேற்கிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய இசைக்கலைஞரிடம் அதைக் கற்றார். ஆங்கிலேயர் இசைக்குழுக்களின் மெட்டுகளைக் கேட்டு, முத்துசுவாமி தீட்சிதர் 'நோட்டுஸ்வர'ப் பாடல்களை இயற்றினார். 1952ல் அகில இந்திய வானொலி இந்திய வாத்தியங்களுக்கென்றே 'வாத்திய விருந்தா' குழுவை அமைத்தது. திரை இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் 'மெட்ராஸ் யூத் கொயர்' குழுவை நிறுவி, பாரதியார் பாடல்களையும் பல மொழிப் பாடல்களையும் பல குரல் அமைப்பில் இளையர்களைப் பாட வைத்தார்.

சிங்கப்பூரிலும் பாதை இருக்கிறது. மக்கள் கழகத்தின் இந்திய இசைக்குழு 1985ல் தொடங்கியது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இந்திய வாத்தியக் குழு இயங்குகிறது. உயர்நிலைப் பள்ளிகளில் இந்திய நடனக் குழுக்கள் அளவுக்கு இந்திய வாத்தியக் குழுக்கள் இல்லை என்பது உண்மைதான். ஆனால், உங்கள் பள்ளியில் இருப்பது எந்தக் குழுவானாலும், நீங்கள் அதில் இருப்பதே ஒரு மாற்றம்.

எங்கள் குழு எஸ். ஜேசுதாசனின் 'முன்னேறு வாலிபா' பாடலைப் பாடியபோது நான் அதை நேரில் கண்டேன். சீன, மலாய், யுரேஷியத் தோழிகள் 'று' எப்படி, 'லி' எப்படி என்று என்னைச் சுற்றி நின்று கேட்டார்கள். அப்போதுதான் தமிழைப் பாடக் கற்பிப்பதில் உள்ள சிக்கல் புரிந்தது. பாடகர் குழு உயிரெழுத்தை இழுத்துத்தான் ஒலியை அழகாக்கும். தமிழிலோ குறிலை இழுத்தால் 'கல்' 'கால்' ஆகிவிடும், பொருளே மாறும். எந்த எழுத்தில் நிற்கலாம், எதை விட்டு உடனே நகர வேண்டும் என்று தாளில் பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். இலக்கணப் பாடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த குறிலும் நெடிலும் அன்று நாற்பது பேரின் வாயில் வேலை செய்தன.

உயர்நிலை ஒன்றில் இணைப்பாட நடவடிக்கையைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இசைக் குழுக்களின் தேர்வுக்கு ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். பல குழுக்கள் தேடுவது நல்ல காதைத்தான். முன் அனுபவத்தை அல்ல. மூன்றாம், நான்காம் ஆண்டில் விலகலாமா என்று யோசிப்பவர்களுக்கு வேறொரு யோசனை. தொண்டை கட்டிய நாளில் எங்கள் நடத்துநர் எங்களை வீட்டுக்கு அனுப்பமாட்டார். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கேட்கச் சொல்வார். நீங்களும் ஒரு பயிற்சியில் அப்படி உட்கார்ந்து, உங்கள் பிரிவை நீங்கள் இல்லாமல் கேளுங்கள். நீங்கள் நிற்கும் இடம் எது என்பது காதுக்கே தெரியும். அதன் பிறகு முடிவெடுங்கள்.