பிள்ளை கத்தியதும் கடிகாரத்தைப் பார்த்தேன்!

உங்கள் வீட்டில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை இருக்கிறானா? அப்படியானால், "ஐயோ, நெட் போச்சு!" என்ற கூச்சல் உங்கள் காதுக்கும் பழகிப்போயிருக்கும். "விளையாட்டுத்தானே, போனால் போகிறது" என்று நாம் அடுக்களையில் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். நானும் அப்படி இருந்துவிடலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அது விளையாட்டோடு நிற்கவில்லை.

என் பெண் கல்யாணமாகி சிங்கப்பூரில் இருக்கிறாள். தம்பிக்கும் அக்காவுக்கும் இப்போது பேச்சுவார்த்தையே மைன்கிராஃப்ட் விளையாட்டில்தான்! இங்கே இரவு எட்டு மணி என்றால் அங்கே பத்தரை. அவள் வேலை முடித்து உட்காருவாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து, விற்றுப்போன எங்கள் கிராமத்து வீட்டை, திண்ணை, முற்றம், கிணற்றடி எல்லாம் வைத்து அதில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இவன் பக்கம் உறைந்து நின்றுவிடும். அக்காவின் குரல் துண்டு துண்டாக வரும். "நாளைக்குப் பார்க்கலாம்டா" என்று அவள் போய்விடுவாள்.

பழி யார்மேல் விழுந்தது தெரியுமா? என் மாமியார் மேல்! "பாட்டி யூட்யூப்ல கதை கேக்கறாங்க, அதான் எனக்கு வர மாட்டேங்குது" என்றான். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. டேப்லெட்டை உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, எட்டு மணிக்கே விளக்கை அணைத்துப் படுக்க ஆரம்பித்தார். இவரோ, "அடுத்த மாசம் கனெக்‌ஷனையே வெட்டிடறேன்" என்றார். வீடு வீடாகவே இல்லை, போங்கள்.

கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். போனில் ஸ்பீட் பார்த்து, "100 வருதே மேடம், எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் விளையாட்டுக்கு வேண்டியது அந்த 100 அல்ல. குழாயில் எவ்வளவு தண்ணீர் கொட்டுகிறது என்பது ஒன்று. திருகியதும் எத்தனை நேரத்தில் வருகிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் பிள்ளைகள் 'பிங்' என்கிறார்கள். நொடியை ஆயிரமாகப் பிரித்து, மில்லி செகண்டில் அளப்பது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். போய்வர 30 மில்லி செகண்டாவது ஆகத்தான் செய்யும். அது 40, 50 என்று நிதானமாக இருந்தால் விளையாட்டுக்குக் குறையொன்றுமில்லை. 40, 45, திடீரென்று 400 என்று துள்ளினால்தான் எல்லாம் உறைந்து நிற்கிறது.

குழந்தைக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வோம்? மணி போட்டு எழுதி வைப்போம் அல்லவா? பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதையே செய்தேன். அவன் கத்தும்போதெல்லாம் மணியைக் குறித்து, அந்த நேரம் வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்றும் எழுதினேன். 8.10, 8.25, 8.50. ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நிமிஷம்தான். நான்கு நாளில் விஷயம் பிடிபட்டது. எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்துக்குச் சாப்பிட வருவார்கள். அவரவர் தட்டு மைக்ரோவேவில் ஏறும் நேரமெல்லாம் அவன் கத்தும் நேரம்!

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று பிள்ளையையே கூப்பிட்டேன். கம்ப்யூட்டரில் கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் ஆங்கிலத்தில் 'பிங்' என்று அடித்து, ஓர் இடம் விட்டு ரூட்டரின் எண்ணை அடிக்க வேண்டும். எண் பெரும்பாலும் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும், எங்களுடையது 192.168.1.1. கடைசியில் இன்னோர் இடம் விட்டு, ஒரு சிறு கோடும் 'டி' எழுத்தும் சேர்த்தால் நிற்காமல் ஓடும். பக்கத்திலேயே இன்னொரு ஜன்னலில் 8.8.8.8 என்ற கூகுளின் எண்ணுக்கும் ஓடவிட்டோம். முதலாவது வீட்டுக்குள் நடப்பதைக் காட்டும். இரண்டாவது வெளியே போய்வருவதையும் சேர்த்துக் காட்டும்.

முதலில் அத்தையின் டேப்லெட்டை எடுத்துக் கதையை ஓடவிட்டேன். 3, 4, 3, 5... எண் அசையவே இல்லை! தெளிவான வீடியோவுக்கே நொடிக்கு 5 மெகாபிட் தாராளம். 100-ல் அது எம்மாத்திரம்? அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரை மைக்ரோவேவில் வைத்துத் திருகினேன். 90, 210, பதிலே இல்லை, 340... நிறுத்தியதும் மறுபடி 4. பையன் என் முகத்தைப் பார்த்தான். "போய்ப் பாட்டிகிட்ட சொல்லு" என்றேன். போனான்.

காரணம் இதுதான். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையில். நம் வைஃபையின் பழைய பாதையும் அதே 2.4-ல்தான். அடுப்புக்குள்ளே 800 வாட் சக்தி. ரூட்டர் விடுவதோ ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கதவிடுக்கில் துளி கசிந்தாலே வைஃபை திணறிவிடும். "அப்படியானால் நம் உடம்புக்கு?" என்று பயப்பட வேண்டாம். அடுப்பிலிருந்து இவ்வளவுதான் கசியலாம் என்று வரையறை உண்டு. அது நம்மைச் சுடும் அளவுக்கு மிகக் கீழே. கதவு வளைந்திருந்தாலோ, சரியாக மூடாவிட்டாலோ மட்டும் அடுப்பை உபயோகிக்காதீர்கள்.

ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் என்று இன்னொரு பாதையும் பெரும்பாலும் இருக்கும். அதற்கு மாறினால் மைக்ரோவேவ் தொல்லை இல்லை. ஆனால் அதற்குச் சுவரைத் தாண்டும் தெம்பு குறைவு. எங்கள் ரூட்டரோ டி.வி.க்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டிக் கிடந்தது! வயர் இழுக்க வந்தவருக்கு அது சௌகரியம். இரும்பும் நிலைக்கண்ணாடியும் அலையைத் திருப்பிவிடும். மீன் தொட்டித் தண்ணீர் உறிஞ்சிவிடும். ஹாலின் நடுச்சுவரில், தலைக்கு மேலே பலகை அடித்து அங்கே மாற்றினோம். அதோடு விடவில்லை. பையன் கம்ப்யூட்டருக்கு 15 மீட்டர் லேன் கேபிள் வாங்கி, நிலைப்படி மேலாக ஓட்டிவிட்டோம். என்னைக் கேட்டால், விளையாடும் பிள்ளை உள்ள வீட்டில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். 'கேட் 6' என்று கேட்டு வாங்குங்கள். நூறு மீட்டர் வரை தாங்கும். வயரில் வருவதற்கு மைக்ரோவேவும் தெரியாது, அடுத்த வீட்டு வைஃபையும் தெரியாது.

நோட்டில் இன்னொரு மணியும் இருந்தது: ஞாயிறு இரவு 9.30. அப்போது மைக்ரோவேவ் ஓடவில்லை. விசாரித்தால், வாரக் கடைசியில் எடுத்த போட்டோக்களையெல்லாம் இவருடைய போன், சார்ஜில் போட்டதும், தானாக மேலே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அனுப்பும் வழி அடைத்துக்கொண்டால், விளையாட்டின் சின்னச் சின்னச் செய்திகளும் அந்த வரிசையின் பின்னால்தான் நிற்கும். அதைத் தானாக அனுப்ப விடாமல் நிறுத்திவைத்து, காலையில் எல்லாரும் வெளியே போன பிறகு அனுப்பும்படி சொல்லிவிட்டேன். கொஞ்சம் முணுமுணுத்தார், கேட்டுக்கொண்டார்.

இத்தனையும் செய்த பிறகு, வீட்டு எண் 3, 4 என்று நிற்க, 8.8.8.8 மட்டும் துள்ளினால் கோளாறு வெளியே என்று அர்த்தம். கம்பெனிக்குப் போன் செய்யும்போது வெறுமனே "நெட் சரியில்லை" என்று சொல்லாதீர்கள். மணி, தேதி, இரண்டு எண் எல்லாவற்றையும் சொல்லுங்கள். எங்களுக்கு மழைக்காலத்தில் அப்படி ஒருமுறை ஆயிற்று. அதே பையன்தான் வந்தான். நோட்டைக் காட்டினேன். இந்தத் தடவை போனை எடுக்கவில்லை. நேரே வாசல் பக்கம் போய், கண்ணாடி இழை வயர் கதவு மூலையில் ஒடுங்கி மடங்கியிருந்ததைக் கண்டுபிடித்தான். அப்படி மடங்கினால் உள்ளே ஒளி சிதறிவிடுமாம். நிமிர்த்தி, வளைவாகச் சுற்றிக் கட்டிவிட்டு, "நோட்டு நல்ல ஐடியா மேடம்" என்றான். காப்பி கொடுத்து அனுப்பினேன்.