நித்திரைக்கும் ஒரு துண்டு

வெலிமடைப் பட்டணத்துத் தொலைபேசிக் கடையொன்றில் வாங்கிய கைப்பட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்திருந்த என் சகோதரியின் மகன், மறுநாள் விடியற்காலையில், பெரட்டுக்குப் புறப்படுமுன் அடுப்பில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்த தாயிடம், "ஆறு மணித்தியாலம் இருபது நிமிசம் தூங்கியிருக்கேன்ம்மா, நடுவுல ரெண்டு தடவை முழிச்சிருக்கேன்" என்று ஆச்சரியத்தோடு சொன்னான். காம்பராவின் இருளில், அவன் மணிக்கட்டுக்கும் பட்டிக்கும் நடுவே பச்சை வெளிச்சம் மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "அது உனக்கு மட்டுந்தான் தெரியுமா தம்பி, இல்ல வேற யாருக்காவது தெரியுமா?"

அக்கேள்விக்கு விடை காண, அந்தச் சாதனம் செய்யும் காரியத்தை முதலில் அறிதல் அவசியம். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் இயல்புடையதாகையால், ஒவ்வொரு நாடித் துடிப்பிலும் திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதைக் கொண்டு இருதயத்தின் வேகத்தையும், உள்ளே அமைந்த அசைவுணரியைக் கொண்டு கையின் சலனத்தையும் அளந்து, இவ்விரண்டிலிருந்தும் நித்திரையைப் பட்டி அனுமானிக்கிறது. மூளையின் அலைகளை அளக்கும் வைத்தியசாலைப் பரிசோதனைக்கு இது ஈடாகாது. இவ்வாறு சேர்ந்த விவரம் புளூடூத் வழியாகக் கைத்தொலைபேசிக்கும், அங்குள்ள செயலியின் வழியாகப் பெரும்பாலும் கடல் கடந்த ஸ்தாபனமொன்றின் கணினிக்கும் போய்ச் சேருகிறது.

தூங்கிய நேரம் தெரிவதால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எந்நேரம் படுத்தோம், எந்த இரவில் நெஞ்சு படபடத்தது, எப்போது காய்ச்சல் கண்டது, இராவேலைக்குப் போனோமா என்பனவெல்லாம் மாதக்கணக்கில் ஒன்றுசேரும்போது, நாம் எவரிடமும் வாய்விட்டுச் சொல்லாத அந்தரங்கங்கள் அதில் எழுதப்பட்டுவிடுகின்றன. 'துண்டு' என்ற சொல்லின் கனம் நம் பாட்டன்மாருக்குத் தெரியும். இவ்வளவு கடன், அதைத் தீர்த்தால் ஆளை விடலாம் என்று எழுதிய அந்தக் காகிதமின்றி ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாதிருந்த அம்முறை, 1921ஆம் ஆண்டில்தான் சட்டத்தினால் விலக்கப்பட்டது. தன்னைப் பற்றிய எழுத்து பிறர் கையில் இருக்குமானால் தன் சுதந்திரமும் அங்கேயே இருக்கும் என்ற அநுபவத்தை நம்மவர்கள் அந்தக் காகிதத்தில் கண்டார்கள்.

உலக அநுபவமும் இதற்குச் சாட்சி. ஓடுவோர் நடப்போருடைய பாதைகளைச் சேர்த்து ஸ்ட்ராவா என்னும் நிறுவனம் வெளியிட்ட உலகப் படத்தில், போர்ப்படைகளின் முகாம்கள்கூட வெளிச்சக் கோடுகளாகத் தெரிவதை 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் சுட்டிக்காட்டினார். ஃபிட்பிட் நிறுவனத்தைக் கூகுள் 2021 ஜனவரியில் வாங்கி முடித்தபோது, பாவனையாளரின் சுகாதாரத் தரவை 10 ஆண்டுகளுக்கு விளம்பரத்துக்கு உபயோகிக்கலாகாது என்ற நிபந்தனையை ஐரோப்பிய ஆணைக்குழு விதித்திருந்தது. ஆனால் அந்த நிபந்தனை ஐரோப்பாவுக்கே உரியது. இன்று நாம் சம்மதம் கொடுக்கும் ஸ்தாபனம் நாளை வேறொருவர் உடைமையாகலாம் என்பதையும் இதிலிருந்து அறிகிறோம்.

ஆகையால், விலையையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன் கடைக்காரரிடம் சில விஷயங்களைக் கேட்டுத் தெளிக. கணக்குத் திறவாமலே பட்டி இயங்குமா? இணையத்தை நிறுத்திவைத்தாலும் நித்திரைக் கணக்கைக் காட்டுமா? சேர்ந்த விவரத்தை முழுவதும் அழிக்க வழியுண்டா? செயலியைத் தயாரித்தவரின் பெயரும் முகவரியும் தெரியாத மலிவுப் பட்டியை விலக்குவதே உத்தமம். ஆண்ட்ராய்டு தொலைபேசி உடையவர்கள், கேட்ஜெட்பிரிட்ஜ் என்னும் இலவசச் செயலியோடு இணங்கும் மாதிரியைத் தேர்ந்தால், அச்செயலி இணைய அனுமதியையே கேளாததாகையால், விவரம் தொலைபேசியை விட்டு வெளியேறாது. ஆனால் சில மாதிரிகளுக்கு முதலில் ஒருமுறை உற்பத்தியாளரின் கணக்கில் சேர்ந்து ஓர் இரகசியக் குறியைப் பெறவேண்டியிருக்கும்.

சட்டமும் நமக்குத் துணையாக எழுதப்பட்டிருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையாகக் கொண்டு, கொடுத்த சம்மதத்தை மீளப்பெறவும், தன்னைப் பற்றிய தரவைப் பார்வையிடவும், திருத்தவும், அழிக்கக் கோரவும் உரிமை வழங்குகிறது. இலங்கையில் உள்ளோருக்குப் பொருளோ சேவையோ அளிக்கும் அந்நிய நிறுவனங்களையும் அது தழுவுகிறது. கோரிக்கைக்கு 21 வேலைநாட்களுக்குள் பதிலளிக்க வேண்டுமென்றும், தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் கட்டளையை மீறுவோருக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டப்பணம் விதிக்கலாமென்றும் அது இயற்றப்பட்டபோது எழுதப்பட்டிருந்தது. எனினும், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டமையால், எப்பகுதி நடைமுறையில் உள்ளதென்று அந்த அதிகாரசபையிடம் முதலில் விசாரித்துக்கொள்வது நலம்.

நிறுவனத்துக்கு அனுப்பும் கோரிக்கையை எழுத்தில் அனுப்பி, திகதியோடு பிரதி வைத்துக்கொள்க. பட்டி பழுதானாலோ, சொல்லி விற்ற குணம் அதில் இல்லையென்றாலோ, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1977. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வணிகரின் கடமையாதலால், வெட்கப்படாமல் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துக. பட்டியை வேறொருவருக்குக் கொடுப்பதற்கு முன், அதன் நினைவை அழித்து, கணக்கையும் நீக்கிவிடுக.

அன்று மாலை, லயத்து வாசற்படியில் தாயும் மகனும் உட்கார்ந்து, அந்தச் செயலி கேட்டுப் பெற்றிருந்த அனுமதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். தொலைபேசியில் இருந்த உறவினர் பெயர்கள், குறுஞ்செய்திகள், ஒலிவாங்கி ஆகிய மூன்றையும் அவன் மூடினான். அழைப்பவரின் பெயர் பட்டியில் தோன்றும் வசதி மட்டும் போயிற்று. மறுநாள் காலையிலும் பட்டி அவன் நித்திரையைக் குறைவின்றிக் கணக்கிட்டிருந்தது. அந்த மூன்றும் அதற்கு எந்நாளும் தேவைப்பட்டிருக்கவில்லை.