ஸ்லைடிங் கதவை எடுத்துவிட்டு இரட்டைக் கதவா? முதலில் கணக்குப் பாருங்கள்

திருப்பதி மாவட்டத்தில், ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் இடையே உள்ளது ஏர்பேடு. 2015-ல் தொடங்கப்பட்ட திருப்பதி ஐ.ஐ.டி.யும், ஐசர் என்னும் அறிவியல் கல்வி நிறுவனமும் இவ்வட்டாரத்தில்தான் நிலையான வளாகங்களை அமைத்துக் கொண்டன. இத்தகைய ஊர்களில் எழும் புது வீடுகளில், பால்கனிக்கும் பின்புறத்துக்கும் அலுமினிய ஸ்லைடிங் கதவு வைப்பது வழக்கமாகி விட்டது.

பார்வைக்கு அழகுதான். ஆனால் நாளடைவில் அடிச்சட்டத்தின் பள்ளத்தில் மண் சேருகிறது, உருளைகள் தேய்கின்றன. இரு கைகளாலும் இழுத்தால்தான் கதவு நகரும் என்ற நிலை வருகிறது. மேலும், ஆறடி வாசலில் ஒரு நேரத்தில் மூன்றடிதான் திறக்கும். ஆகவே பலர் இரட்டைக் கதவுக்கு மாற நினைக்கின்றனர். கட்டட வேலைக்காரர்கள் இதைப் 'பிரெஞ்சு கதவு' என்கிறார்கள்.

புதியது அல்ல

பெயர்தான் பிரெஞ்சு. நடுவில் பிரிந்து இருபுறமும் திறக்கும் கதவு தமிழர்க்குப் பழையதே. இரும்புக் கீல் இல்லாமல், மேலும் கீழும் குடுமியில் சுழன்ற கதவுகளைச் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் காணலாம். கண்ணாடி பதித்து வெளிச்சம் உள்ளே வரச் செய்ததே பிரெஞ்சு கதவின் சிறப்பு.

மாற்றத்தான் வேண்டுமா?

கதவு இறுகி விட்டது என்பது மட்டுமே குறையானால், பள்ளத்தைச் சுத்தம் செய்து உருளைகளை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகி விடும். சேமிப்பில் கை வைக்குமுன் இதைச் செய்து பார்ப்பது நல்லது. வாடகை வீடானால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும். அடுக்குமாடி வீடானால் சங்கத்தின் அனுமதியும் தேவைப்படலாம்.

மாற்றுவதென்று முடிவானால் முதல் கேள்வி இடம். ஸ்லைடிங் கதவு இடத்தை அடைப்பதில்லை. இரட்டைக் கதவின் ஒவ்வொரு பக்கமும் மூன்றடி வீச்சு கேட்கும். மூன்றடிப் பால்கனியில் வெளிப்பக்கம் திறந்தால் நிற்க இடமிராது. உட்பக்கம் திறந்தால் கட்டிலில் இடிக்கும். கதவு சுழலும் வட்டத்தைத் தரையில் சாக்கட்டியால் வரைந்து, இரண்டு நாள் புழங்கிப் பார்த்தால் உண்மை தெரிந்து விடும்.

பாரம் நிலையின் மேல்

ஸ்லைடிங் கதவின் எடை பெரும்பாலும் அடிச்சட்டத்தில் இறங்குகிறது. இரட்டைக் கதவோ கீல்களில் தொங்கி, நிலைக்கால்களை இழுக்கிறது. எனவே பழைய அலுமினியச் சட்டத்திலேயே கீல் அடிப்பது தவறு. புது நிலையை ஹோல்டுபாஸ்ட் வைத்துச் சுவரில் இறுக்க வேண்டும். வாசலை அகலப்படுத்தாத வரை மேலேயுள்ள லிண்டலைத் தொட வேண்டியதில்லை.

கண்ணாடி 'டஃபன்ட்' வகையாக இருத்தல் அவசியம். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற துண்டுகளாகும்; இதுவோ சிறு சிறு மணிகளாக உதிரும். ஆனால் தயாரான பின் இதை வெட்ட முடியாது. ஆகவே நிலை பொருத்திய பிறகே கண்ணாடிக்கு அளவு எடுக்க வேண்டும். வாசலின் இரு மூலைவிட்டங்களும் சமமாக இருக்கின்றனவா என்று டேப் பிடித்துப் பார்ப்பதும் அவசியம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். 2021 நவம்பரில் திருப்பதி வட்டாரம் கண்ட வெள்ளம் மறக்கக்கூடியதன்று. காயாத மரத்தில் செய்த கதவு மழையில் உப்பி இறுகும். கோடையில் சுருங்கிச் சந்து விடும். நன்கு உலர்ந்த மரம், மேலே மழைமறைப்பு, வெளிப்பக்கம் சரிந்த படி மூன்றும் வேண்டும். காற்றில் அடித்துக் கொள்ளாதிருக்கக் கொக்கியும், முதலில் திறக்காத பக்கத்துக்கு மேலும் கீழும் தாழ்ப்பாளும் வேண்டும். கொசுவலைக்குத் தனிக் கதவு தேவைப்படும்; அந்தச் செலவையும் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

பேசும் மொழி

ஏர்பேட்டில் ஆசாரியிடம் தெலுங்கில் பேச நேரலாம். தச்சர் 'வட்ரங்கி', கதவு 'தலுப்பு', நிலை 'துவாரபந்தம்', வாசற்படி 'கடப', தாழ்ப்பாள் 'கடிய'. இந்த ஐந்து சொற்களும் தெரிந்தால் பேரம் எளிதாகும். மரத்தின் வகை, கண்ணாடியின் கனம், பழைய கதவை யார் எடுத்துக் கொள்வது, சுவர்ப் பூச்சு யார் பொறுப்பு ஆகியவற்றை முன்பணம் கொடுக்குமுன் தாளில் எழுதி வாங்கிக் கொள்வது பிற்காலச் சச்சரவைத் தவிர்க்கும்.