வரைகலை இயக்கியும் வீட்டுக் கணினியின் அரணும்

லினக்ஸ் கணினியின் காப்பு என்றவுடன் கடவுச்சொல்லையும் தீயரணையுமே பலரும் எண்ணுவர். வரைகலை அட்டைக்கு இயக்கி நிறுவுவதைத் திரைத் தெளிவு பற்றிய வேலையாகவே கொள்வர். ஆயினும், கணினியின் அரண் எத்துணை வலிமையுற நிற்கும் என்பது ஓரளவு அவ்வியக்கியை நிறுவும்போதே முடிவாகிவிடுகிறது.

இயங்குதளத்தின் நடுவே அமைந்து, நினைவகம், வட்டு, வலையிணைப்பு அனைத்தையும் ஆள்வது உட்கரு. உலாவி முதலிய செயலிகள் அதற்கு வெளியே, வரையறுத்த எல்லைக்குள் இயங்குகின்றன. வரைகலை இயக்கியின் ஒரு கூறோ உட்கருவுக்குள்ளேயே புகுந்து, அதன் முழு ஆற்றலோடும் இயங்குகிறது. செயலியில் நேரும் பிழை பெரும்பாலும் அச்செயலியோடு அடங்கும். இயக்கியில் நேரும் பிழை கணினி முழுவதையும் பிறர் கையில் ஒப்படைத்துவிடக் கூடும். முப்பரிமாணக் காட்சி காட்டும் வலைப்பக்கத்தின் கட்டளைகளும், உலாவியின் தடைகளைக் கடந்தபின், இவ்வியக்கியையே வந்தடைகின்றன.

இன்டெல், ஏஎம்டி அட்டைகளுக்கான இயக்கிகள் லினக்ஸ் உட்கருவின் மூலநிரலிலேயே இடம்பெற்றுள்ளன. உட்கருவோடு அவையும் புதுப்பிக்கப்படுகின்றன. பலர் கண்ணும் அவற்றின் மேல் படுகிறது. என்விடியா அட்டைகளின் வரலாறு வேறு. அவற்றின் இயக்கத்தைப் புறத்தே நின்று ஆராய்ந்து தன்னார்வலர் எழுதிய நூவோ இயக்கி 2010இல் உட்கருவில் சேர்ந்தது. என்விடியா தன் உட்கருக் கூறுகளின் மூலநிரலை 2022 மே திங்களில்தான் வெளியிட்டது. அதுவும் டூரிங் தலைமுறைக்கும் அதன் பின்வந்த அட்டைகளுக்கும் மட்டுமே உரியது. உட்கருவுக்கு வெளியே இயங்கும் பகுதி இன்றும் மூடியே உள்ளது.

புறத்திலிருந்து வரும் இயக்கியால் இடர் மூன்று. முதலாவது, உட்கரு புதுப்பிக்கப்படும்தோறும் இயக்கியையும் மீளக் கட்டமைக்க வேண்டும். அது தவறித் திரை இருண்டால், பழைய உட்கருவிலேயே தங்கிவிடுவோர் உளர். அடைபட்ட ஓட்டைகள் அவர்கள் கணினியில் திறந்தே கிடக்கும்.

இரண்டாவது, செக்யூர் பூட் என்னும் தொடக்கக் காப்பு. இது இயங்குகையில், நம்பத்தக்க கையொப்பம் இல்லாத உட்கருக் கூறு எதையும் பல லினக்ஸ் வழங்கல்களின் உட்கரு ஏற்பதில்லை. இயக்கி மறுக்கப்பட்டதும் அக்காப்பையே அணைத்துவிடுவது எளிய வழி. ஆனால் தீய வழி. வழங்கலே கையொப்பமிட்ட இயக்கியைப் பெறுவதோ, தனக்கென ஒரு திறவுகோலை உருவாக்கிக் கணினியில் பதிந்து, அதனால் இயக்கிக்குக் கையொப்பமிடுவதோதான் முறை. உபுண்டு போன்ற வழங்கல்கள் நிறுவும்போதே இதற்கு வழி செய்கின்றன. அத்திறவுகோல் களவு போனால் கையொப்பத்துக்குப் பொருளில்லை. அதையும் காக்க வேண்டும்.

மூன்றாவது, திரையமைப்பு. 1984இல் எம்ஐடியில் பிறந்த எக்ஸ் அமைப்பில், ஒரு செயலியில் தட்டும் எழுத்துகளை மற்றொரு செயலி ஒற்றறிய இயலும். 2008இல் தொடங்கிய வேலண்ட் என்னும் மாற்று அமைப்பு இதற்கு இடம் தருவதில்லை. என்விடியாவின் மூடிய இயக்கி வேலண்டோடு நெடுங்காலம் செவ்வனே இணங்காமையால், அதன் பயனர் பலர் எக்ஸிலேயே நிற்க நேர்ந்தது.

ஆதலின் புதுக் கணினி வாங்குவோர், உட்கருவிலேயே இயக்கி அமைந்த அட்டையைத் தேர்க. என்விடியா அட்டை உடையோர், தம் வழங்கலே கையொப்பமிட்டுத் தரும் இயக்கியை நிறுவுக, புதுப்பித்தலைத் தள்ளிப்போடாதிருக்க, தொடக்கக் காப்பை அணைக்காதிருக்க.