நலமாகத்தானே இருக்கிறேன், மாத்திரை எதற்கு?

“உடம்பு நல்லாத்தான் இருந்தது டாக்டர், அதனாலதான் மாத்திரையை நிறுத்திட்டேன்.” புறநோயாளிகள் பிரிவில் நான் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. அண்மையில் இதைச் சொன்னவர் ஐம்பது வயதைக் கடந்தவர். எட்டு மாதங்களாக இரத்த அழுத்த மாத்திரையை விட்டிருந்த அவர், கால்கள் வீங்கிய பிறகே வந்தார். இரத்த அழுத்தம் 180/110 இருந்தது. சிறுநீரில் புரதம் வெளியேறியது; இரத்தத்தில் கிரியேட்டினின் உயர்ந்திருந்தது.

உயர் இரத்த அழுத்தமும் நாள்பட்ட சிறுநீரக நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. அழுத்தம் மிகும்போது அவற்றின் மெல்லிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. பழுதடைந்த சிறுநீரகமோ உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, அழுத்தத்தை மேலும் கூட்டுகிறது. பலருக்கு இது ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் இன்றி நடக்கிறது. ஆகவே, உடல்நிலை எப்படித் தோன்றுகிறது என்பதைக் கொண்டு அழுத்தத்தைக் கணிக்க இயலாது. அளந்தே அறிய வேண்டும்.

வீட்டில் அளத்தல்

ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளந்து, குறிப்பேட்டில் எழுதுங்கள். சிறுநீரக நோயாளிகள் பலருக்கு 130/80-க்குக் கீழ் இருப்பது இலக்கு. முதியோருக்கும் தலைசுற்றல் உள்ளோருக்கும் மருத்துவர் இதை மாற்றியமைப்பார்.

உப்பு

நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும். இந்துப்பும் உப்பே, அதிலும் சோடியம்தான் மிகுதி. ‘சோடியம் குறைந்த உப்பு’ என விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது இரத்தத்தில் தேங்கி, இதயத்துடிப்பையே பாதிக்கக்கூடும். மருத்துவரைக் கேளாமல் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

மாத்திரைகள்

‘மாத்திரைதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது’ என்ற அச்சம் பலரிடம் உள்ளது. உண்மையில் சில வகை இரத்த அழுத்த மாத்திரைகள் சிறுநீரில் புரதம் வெளியேறுவதைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கின்றன. அவற்றைத் தொடங்கியதும் கிரியேட்டினின் சற்று உயரலாம். அதனால்தான் சில வாரங்களில் மீண்டும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறோம். அதைத் தவற விடாதீர்கள். கடும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ ஏற்பட்டால் அன்றே எங்களை அழையுங்கள். சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த நேரிடலாம். அஞ்ச வேண்டியது, மூட்டுவலிக்கென மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி உண்ணும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத்தான்.

முன்னர்க் குறிப்பிட்டவரின் அழுத்தம் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. அவருடைய மனைவி நாள்தோறும் அளந்து எழுதுகிறார். வீட்டில் அனைவருக்குமே உப்புக் குறைந்த சமையல். சிறுநீரகம் இழந்த திறனை எங்களால் மீட்டுத் தர இயலவில்லை. எஞ்சியிருப்பதைக் காத்து வருகிறோம்.

அடுத்த முறை வரும்போது உங்கள் குறிப்பேட்டையும், உண்ணும் அனைத்து மருந்துகளின் அட்டைகளையும் தவறாமல் எடுத்து வாருங்கள்.